பின்புறத்தில் ஒட்டாவா

கப்பலின் பின்புறத்தில்
ஒட்டாவா என்று எழுதியிருக்கும்.
காவல்படைக் கப்பல் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்,
பதிவு அங்கே.
ஒட்டாவாவில் கடல் இல்லை.

எந்த ஊர் என்று கேட்டால்
ஒரு நொடி தயங்கிச் சொல்கிறவர்கள் உண்டல்லவா,
அவர்களில் சேர்த்தி இதுவும்.

எழுபத்திரண்டு மீட்டர். சிவப்பு. பத்தொன்பது பேர்.
ரோந்து முடிந்து வந்து படுக்க
ஒரு துறை வேண்டும் என்று
மூன்று ஊர்ப்பேரைக் கையில் கொடுத்து
ஆழம் பார்த்து வா என்றார்கள் என்னை.

முதல் ஊரில் ஆழம் இருந்தது, மறைப்பு இல்லை.
தென்மேற்குக் காற்று
கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தது.
இரண்டாவது ஊரில்
எண்ணெய்க் கம்பெனிக் கப்பல்கள்
நகர மாட்டோம் என்று நின்றன.

மூன்றாவது, பேட்டன்ஸ் டிக்கில்.
ஒடுங்கிய நீர்வழிக்கு
நியூஃபவுண்ட்லாந்தில் டிக்கில் என்று பேர்.
மீன் ஆலை மூடி எவ்வளவோ காலம்.
நான் வருவது தெரிந்து
கப்பல் கட்டும் தூண்களுக்கெல்லாம்
மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள்.
காயாத ஒன்றில் கை வைத்துவிட்டேன்.
கையுறையை விட்டு அது போகவே இல்லை.

பள்ளியில் ஆறு பிள்ளைகள்.
பத்து இல்லையென்றால் செப்டம்பரில் பூட்டு.
"பத்தொன்பது மாலுமிக்கு
எத்தனை பிள்ளை தேறும்?"
கடைக்காரர் கேரட் பார்டி கேட்டார்,
நான்தான் பெற்றுத் தரவேண்டும் என்பதுபோல.
மாலுமிகளுக்கு
இருபத்தெட்டு நாள் கப்பல், இருபத்தெட்டு நாள் வீடு,
வீடு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்
என்பதை நான் சொல்லவில்லை.
டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.
அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஆழம் பார்க்க வந்தவளை
ஊர் ஆழம் பார்த்தது, அவ்வளவுதான்.

துறைப் பொறுப்பு டல்சி ஹிஸ்காக்.
மூன்று நாள் படகோட்டினாள்.
ஆழமானி ஏழு என்றது, ஏழரை என்றது,
எட்டு என்று சொன்னபோது
நானே கொஞ்சம் சிரித்திருப்பேன்.
கோடு கோடாகப் போய்த் திரும்பினோம்,
உழுகிற மாதிரி.
கடைசிக் கோடு முடிந்து
பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.
இயந்திரத்தை நிறுத்தினாள்.

"இங்கே ஒரு பார் இருக்கு.
உன் கோடு ரெண்டுக்கும் நடுவில்.
எல்வுட், என் தம்பி,
படகடியை உரசிக்கொண்டது இதில்தான்."

பெட்டியைத் திறந்தேன்.
மூன்றரை.
கப்பலின் அடி நான்கு கேட்கும்.

கரையில் மஞ்சள் தூண்கள்
வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.
வெடி வைத்து எடுத்துவிடலாம், செலவு ஆகும்,
எழுதிப் பார்க்கிறேன் என்றேன்.
"முதலில் பாறையை எழுது" என்றாள்.
திரும்பும் வழியெல்லாம்
வீட்டுக் கொதிகலன் பழுதைப் பற்றியே பேசினாள்.

எழுதினேன். செலவையும் எழுதினேன்.
மேலே யாரோ
பென்சிலால் ஒரு கோடு கிழித்தார்கள்.
இரண்டாவது ஊரில் எண்ணெய்க் கப்பல்கள்
வாடகை பேசி நகர்ந்துகொண்டன.
சிவப்புக் கப்பல் இப்போது அங்கே தூங்குகிறது.
ஒரு ஜனவரிப் புயலில் மட்டும்
டிக்கிலுக்கு வெளியே
இரண்டு இரவு நங்கூரமிட்டு நின்றதாம்,
உள்ளே வராமல்,
விளக்கு எல்லாவற்றையும் எரியவிட்டுக்கொண்டு.

புதிய வரைபடத்தில்
அந்த இடத்தில் ஒரு கூட்டல்குறி,
பக்கத்தில் மூன்றரை.
பெயர் கேட்டு ஒரு படிவம் வந்தது.
ஹிஸ்காக் பார் என்று நிரப்பி அனுப்பிவிட்டு
அவளுக்கும் ஒரு பிரதி போட்டேன்.

பதில் வந்தது:
"எல்வுட் என்று வைத்திருக்கலாம்.
இடித்தது அவன்தானே.
கொதிகலன் சரியாகிவிட்டது."

பள்ளியைப் பற்றி ஒன்றும் இல்லை.
அக்டோபர் தேதி போட்ட கடிதம் அது.